தலைவலிக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கத்து ஊர்களில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். "சிஸ்டர், தலை பிளக்குது, ஒரு மாத்திரை குடுங்க" என்று வராத நாள் கிடையாது. மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: நேற்று சாயங்காலத்திலிருந்து இப்போது வரை என்ன நடந்தது? எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், எத்தனை செம்பு தண்ணீர் குடித்தீர்கள், வெயிலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பெரும்பாலான தலைவலிக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அப்படி என்னிடம் வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

தலைவலி வந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வெயிலில் இருந்தால் நிழலுக்கு வாருங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். சாப்பிட்டு நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தால் கொஞ்சம் கஞ்சியோ இரண்டு இட்லியோ, எதுவும் இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழமோ சாப்பிடுங்கள். டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் நெற்றியில் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் படுங்கள். கழுத்தும் தோளும் இறுகியிருந்தால் அங்கே யாரையாவது மெதுவாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். பலருக்கு இதோடு போய்விடும். போகவில்லை என்றால்தான் மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கு மட்டும் இது வேறு, கீழே சொல்கிறேன்.

எனக்கு வருவது சாதாரணத் தலைவலியா, ஒற்றைத் தலைவலியா?

சாதாரணமாக அதிகம் வருவது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றித் துண்டை இறுகக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் அழுத்தும். வேலையைத் தொடர முடியும். படியேறினால் வலி அதிகமாகாது, வாந்தி வராது.

ஒற்றைத் தலைவலி வேறு. பெரும்பாலும் ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, நடந்தாலே கூடும். சரியான சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலி தொடங்குவதற்கு முன்னால் கண் முன்னே மின்னல் கோடுபோல வளைந்து வளைந்து தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் அது மறைந்துவிடும். பேர்தான் ஒற்றைத் தலைவலி, இரண்டு பக்கமும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி வருவது உண்டு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

எனக்கு வருவது பித்தத் தலைவலி. மஞ்சளாக வாந்தி எடுத்தால் உடனே விட்டுவிடுகிறது. பித்தத்தை இறக்க என்ன சாப்பிடலாம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இருபது வருடம் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலிதான். அது வரும்போது இரைப்பை வேலை செய்வது மந்தமாகிவிடும். குமட்டலும் வாந்தியும் அதோடு சேர்ந்து வரும். வயிறு காலியாக இருந்து வாந்தி எடுத்தால் மஞ்சள் நீர்தான் வரும், யாருக்கும் அப்படித்தான். வாந்திக்குப் பிறகு வலி குறைவது இந்தத் தலைவலியின் இயல்பு. பித்தம் வெளியேறியதால் வலி போகவில்லை. வலி மூளை நரம்புகளில் தொடங்குகிறது, வயிறு அதில் மாட்டிக்கொள்கிறது.

இதனால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். இருக்கிற நீரும் போய் உடம்பு இன்னும் வாடும். இரண்டு, மாத்திரை போடுவதாக இருந்தால் வலி தொடங்கும்போதே போட வேண்டும். குமட்டல் முற்றிய பிறகு போட்டால் மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கும், வேலை செய்யாது. "தாங்கிப் பார்ப்போம்" என்று மத்தியானம் வரை பொறுத்திருந்து அப்புறம் போட்டுவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்பார்கள். கேட்காததற்குக் காரணம் அந்த நாலு மணி நேரம்.

சுக்கு அல்லது இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் குமட்டலுக்கு நல்லது, குடியுங்கள். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் இப்படிப் படுக்க வைத்தால், வராமல் தடுக்கவே தனி மாத்திரைகள் இருக்கின்றன. அதை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் குடித்தாலே தலைவலி போகும் என்கிறார்கள். உண்மையா?

உடம்பில் நீர் குறைந்ததால் வந்த வலி என்றால் போகும். நம் கரையில் அந்த வகை ரொம்ப அதிகம். காசு கொடுத்துக் குடத்துக் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீட்டில், அம்மா தன் பங்கைத்தான் முதலில் குறைப்பாள். கிணற்றுத் தண்ணீர் கரிப்பாக இருக்கிறதென்று குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு.

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற பெண்களிடம் பேசியபோது எனக்கு மனசு கனத்துப்போனது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் தண்ணீரையே தொடுவதில்லை என்றார்கள். கடலில் ஆண்கள் வரும் படகில், ஒதுங்க இடமில்லாத இடத்தில் வேறு என்ன செய்வது? இது அவர்கள் தப்பே இல்லை. நான் அவர்களுக்குச் சொன்னது இது: கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு பெரிய டம்ளர் குடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். படகில் ஒரு பாட்டில் இருக்கட்டும், வாய் வாயாகக் குடியுங்கள். கரை ஏறியதும் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது நீராகாரம் குடியுங்கள்.

அதிகம் வியர்த்திருந்தால் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பொட்டலம் இல்லையா, 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதைவிடக் கூடக் கூடாது. சாயல்குடி பக்கம் பதநீர் இறங்கும் காலத்தில் பதநீரும் நுங்கும் நல்லதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பதநீரைத் தவிர்க்கவும். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

வெயிலால் வந்த தலைவலி எப்போது ஆபத்து?

தலைவலி, மயக்கம், நிறைய வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழல், ஈரத்துணி, உப்புச் சர்க்கரை நீர். ஒரு மணி நேரத்தில் தெளிய வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தெளிவில்லாமல் இருந்தால் அது வெப்ப வாதம். உடனே 108க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

டீ குடித்தால்தான் தலைவலி போகிறது. அப்படியென்றால் டீ மருந்தா?

ஒரு அளவு வரை ஆம். டீ, காப்பியில் உள்ள காஃபீன் வலி மாத்திரையின் வேகத்தைக் கூட்டும். சில மாத்திரைகளிலேயே அதைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் தினம் ஏழெட்டு டீ குடித்துப் பழகிய உடம்புக்கு ஒரு நாள் டீ கிடைக்காவிட்டால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வந்துவிடும். டீ குடித்ததும் போகும். டீ உண்டாக்கிய வலியை டீயே தீர்க்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஒரேயடியாக விடாமல் நாலு நாளைக்கு ஒன்றாகக் குறையுங்கள்.

நோன்பு தொடங்கிய முதல் நாலைந்து நாள் அஸருக்கு (சாயங்காலத் தொழுகைக்கு) பிறகு தலை வெடிக்கிறது. என்ன செய்வது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்து உம்மாமார்கள் எல்லா வருடமும் கேட்கும் கேள்வி. பகலில் டீ இல்லை, தண்ணீர் இல்லை, தூக்கமும் மாறிவிடுகிறது. மூன்றும் சேர்ந்து வருகிற வலி இது. ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே பகல் டீயைக் குறைத்துக்கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரை விட்டுவிடாதீர்கள். அதில் சீக்கிரம் செரிக்காத உணவாக, பயறு, முட்டை, கேப்பை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். நோன்புக் கஞ்சி இதற்கு அருமையான உணவு, நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுபவருக்குத் தலைவலியோடு படபடப்பும் வியர்வையும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது நோன்பை முறித்து இனிப்பு சாப்பிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் தண்ணீர் பற்றிச் சொன்னது பொருந்தும்.

சுக்குப் பற்று, தைலம், நொச்சி, சுண்ணாம்பு: இவற்றில் எதைப் போடலாம்?

பாட்டி வைத்தியம் என்றாலே ஒதுக்குகிற ஆள் நான் இல்லை. எது உதவும், எது புண்ணாக்கும் என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் அந்த எரிச்சலில் வலி கொஞ்சம் மறக்கும். கெட்டியாகப் போட்டு இரவு முழுக்க விட்டுவிட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். லேசாகப் போட்டு இருபது நிமிடத்தில் கழுவிவிடுங்கள், கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். புதினா எண்ணெயும் புதினா உப்பு கலந்த தைலமும் நெற்றிப்பொட்டில் தடவினால் இறுக்கத் தலைவலி குறையும். புதினா எண்ணெய்க்கு ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் தைலத்தில் கற்பூரம் இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரலாம். டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்.

நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பதில் கெடுதல் இல்லை. மணம் பிடித்தால் செய்யுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு எந்த மணமும் ஆகாது, சாம்பிராணிப் புகையே வலியைக் கிளப்பிவிடும். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பை நெற்றிப்பொட்டில் தடவுவதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். அது காரத்தன்மை உள்ள பொருள். தோலை அரிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே அரை மணி நேரம் விடாமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டது. ஆவி பிடித்தால் போகுமா?

சளி பிடித்து மூக்கு அடைத்து, குனிந்தால் கன்னமும் நெற்றியும் கனத்து, மூக்கில் மஞ்சளாக வந்தால் அது சைனஸ். ஆவி மூக்கைத் திறந்து கொஞ்சம் நிம்மதி தரும். குளித்த தண்ணீர் மண்டைக்குள் இறங்குவதில்லை, அதற்கு வழியே இல்லை. ஈரத்தலையோடு காற்றில் நின்றால் வலி வருகிறதென்றால், சிலருக்குக் குளிர் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுகிறது என்று அர்த்தம். கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற மாதங்களில் தும்மலோடு வருவது பெரும்பாலும் தூசி ஒவ்வாமை. சைனஸ் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி.

கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துப் போர்வை மூடிக் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் சரிந்து தொடை வெந்த குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

எந்த மாத்திரை, எவ்வளவு?

வீட்டில் வைத்துக்கொள்ள பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். அடுத்ததற்கு 6 மணி நேர இடைவெளி விடுங்கள். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், 50 கிலோவுக்குக் கீழ் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குறைவாக எடுக்க வேண்டும். சளி மாத்திரையிலும் உடம்புவலி மாத்திரையிலும் இதே பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தெரியாமல் இரட்டிப்பாகிவிடும்.

ஐபுப்ரூஃபென் ஒற்றைத் தலைவலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் வேண்டாம். வெயிலில் வாடி நீர் வற்றிய உடம்போடும் வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தினமும் ஒரு மாத்திரை போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது. தொடரலாமா?

வேண்டாம். பாராசிட்டமால் போன்ற மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளும் அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். விடியற்காலையிலேயே வலியோடு எழுந்திருப்பது அதன் அடையாளம். பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் கலப்பு மாத்திரைகள். கருவாடு காயவைக்கும் ஓர் அம்மா வருடக்கணக்கில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போட்டுவந்தார். நிறுத்தச் சொன்னபோது முதல் வாரம் என்னைத் திட்டித் தீர்த்தார். நிறுத்தியதும் சில நாள் வலி கூடத்தான் செய்யும். மருத்துவர் அந்த நாட்களைத் தாண்ட வேறு மருந்து கொடுத்தார். ஒன்றரை மாதம் கழித்து அவர் வந்து, தலை இப்போது லேசாக இருக்கிறது என்று சொன்ன முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இனி வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

சங்கு குளிக்கப் போய் வந்தால் நெற்றி வலிக்கிறது. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம். முகக்கண்ணாடியின் வார் இறுக்கமாக இருப்பது ஒன்று, தளர்த்திப் பாருங்கள். மூச்சை ரொம்ப நேரம் அடக்குவதால் கரியமில வாயு உடம்பில் சேருவது இன்னொன்று. இரண்டு முழுக்குக்கு நடுவே நன்றாக மூச்சு வாங்கி ஓய்வெடுங்கள். சளியோடு இறங்கினால் சைனஸ் அறைக்குள் காற்றழுத்தம் சமமாகாமல் குத்தும், மூக்கில் ரத்தம் வரும். அன்றைக்கு இறங்கக் கூடாது. கம்ப்ரசர் காற்றில் முங்குபவர்கள் கவனிக்க: இன்ஜின் புகை அந்தக் காற்றில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மேலே வந்த பிறகு தலைவலியோடு மூட்டு வலி, மரத்துப்போதல், நடை தள்ளாட்டம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வலை பின்னும்போது பின்மண்டை வலிக்கிறது.

குனிந்தே இருப்பதால் கழுத்துத் தசை இறுகுகிறது. வலையை உயரமாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து தோளைச் சுழற்றுங்கள், கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். 40 வயதைத் தாண்டியிருந்தால் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போடுங்கள். அது போட்டதுமே பலருக்கு இந்த வலி நின்றிருக்கிறது.

தலை வலித்தால் பிரஷர் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. இரத்த அழுத்தம் ஓரளவு கூடியிருந்தால் எந்த அறிகுறியும் காட்டாது. தலை வலிக்கவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. 180/120ஐத் தாண்டி, தலைவலியோடு பார்வை மங்கல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் அவசரம்.

மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. தலைவலி என்கிறாள்.

கை வைத்தியம் பார்க்காமல் இன்றைக்கே இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 20 வாரத்துக்குப் பிறகு தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல் வயிற்று வலி வந்தால் கர்ப்ப கால இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பிரசவமான ஆறு வாரம் வரைக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

காய்ச்சலோடு தலைவலி.

தண்ணீர் வருகிற நாளில் பிடித்து டிரம்மில் சேர்த்து வைக்கிறோம். மூடாத டிரம்மில்தான் டெங்குக் கொசு வளர்கிறது, அது பகலில் கடிக்கும். கடுமையான காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஐபுப்ரூஃபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் போட்டால் இரத்தக் கசிவு கூடும். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தது. ஏன்?

மழை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டினீர்களா? ஜெனரேட்டர் உள்ளே ஓடியதா? கார்பன் மோனாக்சைடு நச்சாக இருக்கலாம். அதற்கு மணம் கிடையாது. எல்லாரும் உடனே வெளியே வாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். படகின் மூடிய அறையில் இன்ஜின் புகையோடு தூங்குவதும் இதே ஆபத்துதான்.

எப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது?

ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்ததுபோல உச்சத்துக்குப் போன வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. முகம் கோணல், கை கால் பலமின்மை, பேச்சுக் குழறல். இது பக்கவாதம் என்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு. படகிலோ வண்டியிலோ விழுந்து தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி. தினமும் விடியலில் வாந்தியோடு எழுப்பும் வலி.

இவற்றில் எது இருந்தாலும் 108ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போங்கள். நடுக்கடலில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கூப்பிடலாம். விடியட்டும், வலையை இழுத்துவிட்டுப் போவோம் என்று நினைக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

வீட்டுக் காலண்டரில் வலி வந்த தேதியை வட்டமிடுங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று சொல் போதும்: "சாப்பிடவில்லை", "ராத்திரி கடல்", "தீட்டு முதல் நாள்", "வெயில்". மாத்திரை போட்டிருந்தால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு மாதத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். போட்ட மாத்திரை அட்டைகளையும், காலியானதையும் சேர்த்து, அதே பையில் வையுங்கள்.